ஒரு தடவை அடித்தால் நலம்

பொசாசோவில் காசு செலவில்லாமல் பொழுதைக் கழிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுப்பேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. சோமாலியாவின் வடகரையில் இருக்கும் அந்தத் துறைமுக ஊருக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. நானும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அனுப்பினார்கள், போனேன்.

அப்போது அஜ்மானில் ஒரு கம்பெனியில் ஏசி, குளிர்பதன மெக்கானிக்காக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பொசாசோவில் மீனுக்கு ஐஸ் செய்யும் பேக்டரி ஒன்றில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது, பத்து நாள் வேலை, முடித்துவிட்டு வா என்றார் மேனேஜர். ஷார்ஜாவிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் மரக்கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வளைகுடாவில் அதை லாஞ்சு என்போம்.

மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். மகளுக்கு ஆறு வயது. மகளுக்குப் பிறகு இரண்டு முறை வயிற்றில் தங்காமலே போயிருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. ஒரு ஃப்ளாட்டை மலையாளிக் குடும்பம் ஒன்றோடு பங்கு போட்டுக்கொண்டு, ஒரு ரூமில் நாங்கள் இருந்தோம். கிளம்பும்போது மனைவி கேட்டது ஒன்றுதான்.

"பத்து நாள்னா பத்து நாள்ல வந்துருவீங்கல்ல?"

"பதினோராவது நாள் நிக்க மாட்டேன்."

வளைகுடாவில் இருந்த நம் ஆட்கள் எல்லோரிடமும் அப்போது ஒரு வழக்கம் உண்டு. மிஸ்டு கால். எடுக்காவிட்டால் காசில்லை, ஆனால் சேதி போய்விடும். எங்கள் கணக்கு இது: பேக்டரி வாட்ச்மேனின் மொபைலுக்குத் தினமும் சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்ததும் அவள் அடிக்க வேண்டும். ஒரு தடவை அடித்து நின்றால் நலம். இரண்டு தடவை அடித்தால் ஏதோ சரியில்லை, உடனே கூப்பிடு. வெள்ளிக்கிழமை மட்டும் நான் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசுவேன்.

கம்ப்ரஸர் ஒன்பதாம் நாளும் ஓடவில்லை. அன்று லாஞ்சு கிளம்பியது. அதன் கேப்டன் ஒரு குஜராத்திக்காரர், பேக்டரிக்கே வந்து கூப்பிட்டார். "பாய், இதான் கடைசி. இனிமே காத்துக் காலம், கடல் பந்த். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எவனும் வர மாட்டான்." நான் மேனேஜருக்கு போன் போட்டேன். "முடிச்சிட்டு வா, அடுத்த வாரம் வேற லாஞ்சு வருது" என்றார் அவர். முப்பது வருடம் கடலிலேயே கிடந்த மனிதரை நம்பாமல், ஏசி ரூமில் உட்கார்ந்து பேசிய மனிதரை நம்பினேன். பாதியில் விட்டுப் போனால் என் தொழிலுக்கு அவமானம் என்று ஒரு வீம்பும் இருந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வீம்பு என்னுடையது.

மறுநாளே கம்ப்ரஸர் ஓடியது. லாஞ்சுதான் வரவில்லை. விமானம் இருந்தது, கம்பெனி டிக்கெட் தர மறுத்துவிட்டது. "கடல்ல போனவன் கடல்லயே வா" என்று சொல்லி மேனேஜர் சிரித்தார். அதன் பிறகு என் போனையே எடுப்பதை நிறுத்தினார். என் கையில் இருந்ததோ டீக்குத்தான் காணும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நான் ஊரில் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். பொசாசோவில் அந்தக் காற்று அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி மணலோடு வந்தது. வசதி உள்ளவர்கள் எல்லோரும் வெயிலுக்குப் பயந்து மலைப்பக்கம் போய்விட்டார்கள். பேக்டரியில் நானும் வாட்ச்மேனும் மிச்சம். வயதானவர், முன்பு துபாயில் சுமை தூக்கியவர், அரைகுறை இந்தி பேசுவார்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் கடற்கரைக்குப் போகலாம், இலவசம். முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்தால் எட்டு மணி வரை உடம்பு தாங்கும். மீனவர்கள் படகை இழுக்கும்போது ஒரு கை கொடுத்தால் மீன் கிடைக்கும். அதற்கப்புறம் குந்திரிக்கக் கிடங்கு. நம் சாம்பிராணிக்கு அது அண்ணன் முறை. மலையில் மரத்தைக் கீறி எடுத்துவரும் பிசினைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். வாசலில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்கலாம், அதற்கும் காசில்லை. என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று வாட்ச்மேன் அவர்களிடம் சொல்லிவிட்டார். பிரசவம் ஆன பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் அங்கேயும் புகை போடுவார்களாம். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு பிடி தருவார்கள். பால் பவுடர் டப்பா ஒன்றில் சேர்த்துவைத்தேன்.

சாயங்காலம் ஷாஹ். மணலில் கட்டம் கீறி ஆடும் ஆட்டம். மூன்று காய் வரிசையாகச் சேர்ந்தால் எதிராளியின் ஒரு காயை எடுத்துவிடலாம். எனக்குப் பேரீச்சங்கொட்டை, அவர்களுக்குக் கூழாங்கல். தினமும் தோற்றேன். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், எல்லாம் என்னைத் தோற்கடிக்கும் யோசனை.

ஆனால் இதெல்லாம் பொழுதைப் போக்கியது என்று சொன்னால் அது பொய். நாள் முழுவதும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், மாலையில் வரப்போகும் அந்த ஓசைக்குக் காத்திருந்தேன். பாங்கு கேட்கும். வாட்ச்மேன் தொழுதுவிட்டு வந்து போனை எங்கள் நடுவில் மணலில் வைப்பார். அது ஒரு தடவை அடிக்கும். இரண்டாவது தடவை அடித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அடிக்காது. "கலாஸ்" என்பார் அவர். "இன்னிக்கு முடிஞ்சுது. பீபி அச்சா." மனைவி நலம் என்று அர்த்தம். எனக்கு அழுகை வரும். சில நாள் அழுதேன். அவர் கட்டத்தைக் கீறிக்கொண்டு பார்க்காதது போல இருப்பார்.

ஆடி பாதியில் ஒரு புதன்கிழமை, நான் முதல்முறையாக ஷாஹில் ஜெயித்தேன். கூட்டம் கூச்சல் போட்டது, ஒருவர் என்னைத் தூக்கியே விட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் போன் ஒரு தடவை அடித்து நின்றது. இரண்டு சந்தோஷம் ஒரே நாளில். கையிலிருந்த சில்லறையை எல்லாம் போட்டு அத்தனை பேருக்கும் டீ சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டபோது மகள்தான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்றாள். அடுத்த வெள்ளி மனைவியே பேசினாள். குரல் கம்மியிருந்தது. "ஏசி ஒத்துக்கல, சளி. நீங்க பத்திரமா வந்து சேருங்க." புரட்டாசியில்தான் பிரசவம், முதல் லாஞ்சைப் பிடித்தால் கூட இருக்கலாம் என்று நாளை எண்ணினேன்.

ஆகஸ்ட் கடைசியில் லாஞ்சு வந்தது, அதே குஜராத்திக் கேப்டன். ஷார்ஜாவில் இறங்கி, அஜ்மானுக்கு டாக்ஸியில் போகும் வழியெல்லாம் டப்பா மடியில் இருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

கதவைத் திறந்தவள் மனைவிதான். முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்த்தேன். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். மூட அங்கே ஒன்றும் இல்லை.

"ஏழாம் மாசத்துலயே வலி வந்துருச்சுங்க. பையன். ஒரு ராத்திரிதான் இருந்தான்." பக்கத்து ரூம் சேட்டன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அப்புறம் ஆகவேண்டியதை எல்லாம் செய்திருக்கிறார். மகளைச் சேச்சி பார்த்துக்கொண்டாளாம்.

"ரெண்டு தடவை அடிச்சிருக்கலாமே" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"அடிச்சா என்ன பண்ணியிருப்பீங்க? வழியே இல்லாத ஊர்ல உக்காந்து தலையைச் சுவத்துல மோதிக்கிட்டிருப்பீங்க. அதான் ஒண்ணு அடிக்கச் சொன்னேன்."

அடிக்கச் சொன்னாள் என்றால், அடித்தது யார்? மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா ஹாஸ்பிடல்ல இருந்தப்ப நான்தாம்ப்பா அடிச்சேன். டெய்லி. ஒன்லி ஒன் ரிங். கரெக்டா கட் பண்ணிட்டேன், ஒரு நாள்கூட தப்பு பண்ணல."

"நல்லா பண்ணினம்மா" என்றேன்.

மனைவி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். எதற்குக் கொண்டுவந்தேன் என்று அவள் கேட்கவில்லை. அவன் என்றைக்குப் போனான் என்று நான் கேட்டேன்.

"ஒரு புதன்கிழமை" என்றாள். "ஆடி பாதியில. சாயங்காலம், பாங்கு சொல்ற நேரம்."

அன்றைக்கு நான் டீ சொன்னவர்கள் பதினான்கு பேர்.