பத்தாம் நாள் தலையிடி

வேலைக்குப் போகிற இடத்தில் குடிக்கும் தேத்தண்ணியை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. வீட்டில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு என்றுதான் சொல்லிவந்தேன். நான் குடும்பநல உத்தியோகத்தர்; ஊர்வாயில் மிஸ்ஸி. வீடு லிங்கநகரில், வேலை கிண்ணியாப் பக்கம். பாலத்தைக் கடந்து ஸ்கூட்டியில் போய், கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளில் ஏறி இறங்குவதுதான் என் பாதி உத்தியோகம். ஏறுகிற வீட்டில் தேத்தண்ணி வரும். வேண்டாம் என்றால் முகம் வாடும். முகம் வாடினால் வாய் மூடும். பிறகு அந்த வீட்டில் ஒரு நோய் வருத்தமும் வெளியே வராது. ஆகவே குடித்தேன். குடித்துக்கொண்டே, "இரும்புச்சத்துக் குளிசையோட தேத்தண்ணி குடிக்கக் கூடாது, மகள்" என்று புத்தியும் சொன்னேன். ஊருக்குத்தானே உபதேசம்.

போன வருடம் நெஞ்சு விளையாட்டுக் காட்டத் தொடங்கியது. கிளினிக்கில் ஒரு குழந்தையின் நிறையை எழுதிக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு துடிப்பு விடுபடும், அடுத்தது கதவைத் தட்டுவதுபோல் ஓங்கி அடிக்கும். என் அம்மா நெஞ்சு வருத்தத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போனவர். அவர் போன வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிற நான், மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் பயந்துகொண்டு திரிந்தேன்.

கடைசியில் போனபோது ஈசிஜியில் பிழை ஒன்றும் இல்லை. டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீங்கள்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"வெளியில?"

வீடு வீடாக நினைத்து விரல் மடித்தேன். ஒரு கை போதவில்லை. "எல்லாமாச் சேத்து ஒன்பது வரும் டொக்டர்," என்று சொன்னபோது சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் நமக்குக் களைப்புத் தெரியும். பஸ் சீற்றில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, கஃபீன் முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துவிடும். களைப்பு எங்கும் போய்விடுவதில்லை, பக்கத்தில் நின்றுகொண்டே வருகிறது. இதற்கிடையில் உடம்பு அவசரச் சுரப்புகளை அவிழ்த்துவிடுவதால் நெஞ்சு வேகமாக ஓடும், சிலருக்குத் துடிப்புத் தவறும். பின்னேரம் குடித்ததில் பாதியளவு படுக்கப் போகும்போதும் இரத்தத்தில் கிடக்கும். கர்ப்பிணிகளின் உடம்பில் அது இன்னும் மெதுவாகத்தான் குறையும் என்பது மட்டும் எனக்கு வாய்ப்பாடாய்த் தெரியும். என் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாக் குறையுங்கோ," என்றார். நான் கேட்கிற ஆளா? அன்றோடு ஒரேயடியாக விட்டேன். இரண்டாம் நாள் தலையிடி மண்டையைப் பிளந்தது. கஃபீன் நின்றுபோனால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியுமாம், அதுதான் அந்த நோவாம். குசினியில் ஒரு கோப்பை சத்தம் போட்டாலும் கணவர்மீது எரிந்து விழுந்தேன். "ஒண்டில் நீ தேத்தண்ணியக் குடி, இல்லாட்டி நான் வெளிக்கிடுறன்," என்றார் அவர். ஐந்தாம் நாள் தலையிடி விட்டது. அடுத்த கிழமை வந்த நித்திரை இருக்கிறதே, பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அப்படி நான் தூங்கியதில்லை. நெஞ்சும் அடங்கியது.

என் பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புதிதாகத் திருந்தியவளுக்கு வாய் சும்மா இராது. தேத்தண்ணியை மறுத்த கையோடு வீடு வீடாக என் பிரதாபத்தைச் சொன்னேன். "விட்டால் தலையிடி வரும். பயப்பிடக் கூடாது. பொறுத்துக்கொண்டா விட்டிடும்." எத்தனை நாளில் விடும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

குறிஞ்சாக்கேணியில் ஒரு வீடு. மருமகளுக்கு முதல் பிள்ளை, எட்டாம் மாதம். அடுத்த கிழமைதான் அங்கே போக வேண்டும். பக்கத்து வீட்டுக்கு வந்ததால் எட்டிப் பார்த்தேன். மாமியார் இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணியோடு வந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். மருமகள் சிரித்தாள்.

"நானும் உட்டுட்டன் மிஸ்ஸி. நீங்க சென்ன மாதிரியே தலையிடி வந்த. பொறுத்துக்கிட்டு இரிக்கன்."

"எத்தனை நாளா, மகள்?"

"இண்டைக்குப் பத்து நாள்."

அந்த முகம் நான் மெச்சுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இமைகள் வீங்கியிருந்தன. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தேன். நம்ப முடியாமல் மற்றக் கையிலும் பார்த்தேன்; அதிலும் உச்சத்தில் நின்றது. இது தேத்தண்ணி விட்ட தலையிடி இல்லை, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வந்த தலையிடி. இரண்டு கிழமைக்கு முன் கிளினிக்கில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். நான் பின்னால் ஸ்கூட்டியில் போனேன். பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அடுத்த கிழமைதான் வந்திருந்தால், அடுத்த கிழமைதான் வந்திருந்தால் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு உள்ளங்கையில் அடங்கும் அளவு. இருவரும் தப்பினார்கள். அன்றிலிருந்து யார் தலையிடி என்றாலும் நான் வாயைத் திறக்குமுன் பிரஷரைப் பார்க்கிறேன்.

அவர்கள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். பொறுக்கச் சொன்னவள் நான்தான், அது என் பிழை என்று சொல்லத்தான் போனேன். முற்றத்தில் அயல்பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மிஸ்ஸி மட்டும் அண்டைக்கு வராட்டி எனக்கு ரெண்டு உசிரும் இல்ல. இவங்கள அல்லாஹ்தான் அனுப்பின."

மருமகள் பிள்ளையை என் மடியில் தந்தாள். மாமியார் தேத்தண்ணியை நீட்டினார். மறுக்க ஏலாமல் வாங்கினேன். இன்னும் ஒரு மிடறும் குடிக்கவில்லை. நெஞ்சில் ஒரு துடிப்பு விடுபட்டு, அடுத்தது ஓங்கி அடித்தது.