ஊர் என்ற கட்டத்தில் பாண்டிச்சேரி

இங்கே ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் நான் கடைக்குள் காலை வைத்ததுமே "ஆ, மதாம் போந்திஷேரி!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். பிரான்சுக்கு வந்த புதிதில் எந்த ஊர் என்று கேட்டார். காரைக்கால் என்றேன். திருதிருவென்று முழித்தார். அதற்குள் இருக்கும் எங்கள் சிற்றூர் கோட்டுச்சேரியைச் சொல்லியிருந்தால் கடையையே சாத்தியிருப்பார். போய்த் தொலையட்டும் என்று பாண்டிச்சேரி என்றேன், முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த சோம்பல் இது. எனக்கு மட்டுமா? இங்கே இருக்கும் நம் காரைக்கால்காரர்கள் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள் முன்னால் பாண்டிச்சேரிக்காரர்கள்தான். ஊரில் இருந்தவரை அது எங்களுக்கு வெளியூர். ஏதாவது ஒரு சான்றிதழுக்காக, நடுவில் உள்ள தமிழ்நாட்டையெல்லாம் தாண்டி, பஸ்ஸில் இடுப்பு ஒடியப் போய்வர வேண்டிய இடம்.

திருநள்ளாற்றில் சனீஸ்வரன் கோயிலுக்குப் பின்தெருவில் என் அக்கா வசந்தாவும் அத்தானும் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார்கள். சுத்தமான அறைகள், வாசலில் பெரிய போர்டு, ஆனால் ஆள்தான் வருவதில்லை. சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் மெயின் ரோட்டுப் பெரிய லாட்ஜுகளிலேயே நின்றுவிடும். அந்த வருஷம் சனிப்பெயர்ச்சி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, நீதான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அந்த ஊரு வீட்டையெல்லாம் வாடகைக்கு விடுறியே, நம்ம ரூமுக்கும் ஒரு வழி பண்ணேன். இந்தப் பெயர்ச்சிக்கும் காலியா கெடந்துச்சுன்னா உங்க அத்தான் மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறிடுவாரு. விசா வந்து பீரோவுல இருக்கு."

வீட்டைவிட்டு வந்து வருஷக்கணக்காக போனில் குடும்பம் நடத்துவது என்னவென்று எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கும் தெரியும். நம் வீட்டிலிருந்து நான் ஒருத்தி கிளம்பியது போதாதா?

நான் வேலை பார்ப்பது விடுமுறைக்கு வீடு வாடகைக்கு விடும் ஒரு சின்ன ஏஜென்சியில். ஒரு வீட்டை நாலு பேர் பார்க்க வேண்டுமானால் அதன் விவரத்தை இணையத்தில் எத்தனையோ தளங்களில் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தொலைபேசி, வர்ணனை என்று கட்டம் கட்டமாக நிரப்பி விரல் தேய்ந்துபோகும். பக்கத்து மேஜை சாந்த்ரீன்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டாள். பிரவுசரோடு எக்ஸ்டென்ஷன் என்று குட்டி நிரல்களைச் சேர்த்துக்கொள்ளலாமாம். ஒன்று, தேடும்போது நம் பக்கம் முன்னால் வருகிறதா பின்னால் கிடக்கிறதா என்று காட்டும். இன்னொன்றில் விவரத்தை ஒருமுறை எழுதி வைத்தால் போதும், எந்தத் தளத்தில் படிவம் வந்தாலும் ஒரு பொத்தானில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடும். அடி ஆத்தீ! இத்தனை நாள் இது தெரியாமல் மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருந்தேனே என்றிருந்தது.

வீட்டுக் கணினியில் அதைப் போட்டு அக்கா லாட்ஜின் விவரத்தை எழுதினேன். 'ஊர்' என்ற கட்டம் வந்தது. கை தானாகப் பாண்டிச்சேரி என்று அடித்துவிட்டது. காரைக்கால், திருநள்ளாறு எல்லாம் கீழே தெருப் பெயரோடு போயின. நம்மூரில் எந்த முகவரியிலும் கடைசியில் 'பாண்டிச்சேரி மாநிலம்' உண்டுதானே, எனக்கு உறுத்தவே இல்லை. பெரும்பாலான தளங்கள் தெருவைக் காட்டாமல் ஊரை மட்டும்தான் கொட்டை எழுத்தில் காட்டும் என்பதும் அப்போது உறைக்கவில்லை. பொத்தானைத் தட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரே மத்தியானத்தில் எங்கள் லாட்ஜ் உலகம் முழுக்கப் பாண்டிச்சேரிக்குக் குடிபோய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை இல்லாத நாள். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் போன் அலறுகிறது.

"நம்ம லாட்ஜ் எங்கடி இருக்கு?" என்றாள் அக்கா.

"என்னக்கா கேள்வி இது?"

"பெங்களூர்லேருந்து ஒரு குடும்பம், வயசான அப்பாவையும் கூட்டிக்கிட்டு, பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிது. காலையிலேருந்து ஆட்டோவுல நம்ம லாட்ஜைத் தேடுறாங்களாம்! இன்டர்நெட்ல அப்படித்தான் போட்டிருக்குங்கிறாங்க. உங்க அத்தான் வாடகைக் காரை எடுத்துக்கிட்டு ஓடியிருக்காரு."

எங்கள் எல்லையில் இருக்கும் பூவம் தாண்டினால் தமிழ்நாடு, அப்புறம் சீர்காழி, சிதம்பரம், கடலூர். அவ்வளவும் போய், அவ்வளவும் திரும்பி வரவேண்டும். அந்தக் குடும்பம் கோபத்தில் நாலு வரி எழுதினால் தீர்ந்தது கதை, அத்தானின் பெட்டியை நானே கட்டிக் கொடுத்த மாதிரி. 'பாவி, பாவி' என்று என்னையே திட்டிக்கொண்டு எக்ஸ்டென்ஷனைத் திறந்தேன். ஊர்க் கட்டத்தில் 'திருநள்ளாறு, காரைக்கால்' என்று மாற்றினேன். ஒவ்வொரு தளமாகப் போய் மறுபடியும் பொத்தானைத் தட்டினேன். தப்பைப் பரப்பிய வேகத்திலேயே அது திருத்தியும் கொடுத்தது. பையனைக் கூட்டிவரக் கிளம்பும்போது லாட்ஜ் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது.

அந்தக் குடும்பம் நாலு வரி எழுதத்தான் செய்தது. படபடப்போடு படித்தேன். 'உரிமையாளரே பாண்டிச்சேரி வரை வந்து அழைத்துப் போனார், சிதம்பரத்தில் சாப்பிட வைத்தார், வழியெல்லாம் கதை சொன்னார், அப்பா கால் வலியையே மறந்துவிட்டார்' என்று. சாமி, வயிற்றில் பாலை வார்த்தீர்கள்! அதைப் படித்தவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். பெயர்ச்சிக்கு அறைகள் நிறைந்தன. அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் ஆள் வந்தார்கள்.

கடைசியில் அத்தானே போனில் வந்தார். "விசாவத் திருப்பி அனுப்பிட்டேன்மா. அந்த மஸ்கட்டுல நான் யார்கிட்ட இவ்வளவு பேசுறது? ஆனா ஒண்ணு, இனிமே நம்ம லாட்ஜை எங்கயும் அனுப்பிடாதே." சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவர் போகவில்லை. அக்கா வீட்டில் சாயங்காலம் அவர் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் ரொட்டிக்கடையில் "மதாம் போந்திஷேரி" என்றதும், இல்லை, காரைக்கால் என்பதை அவர்கள் உச்சரிப்பிலேயே 'காரிக்கால்' என்றேன். அது பாண்டிச்சேரிக்குப் பக்கமா என்றார். தூரம், ஆனால் அதைச் சேர்ந்தது என்றேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அதைச் சேர்ந்தது என்றால் எப்படி என்று கேட்டார். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது, ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, பையனை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் படிவத்தைத் திறந்தேன். பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிட்டேன். ஊர் என்ற கட்டத்தில் 'திருநள்ளாறு, காரைக்கால்' வந்து உட்கார்ந்தது. அதை அழித்துவிட்டு, நான் இருக்கும் ஊரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அடித்தேன்.