டொக்டர் "மாட்டன்" சொன்ன கிழமை

"உங்கடை மூக்கு வடிவாத்தான் இருக்கு, வீட்டை போங்கோ" என்று ஓர் ஆளிடம் சொல்லிவிட்டு ஏச்சு வாங்காமல் தப்பியிருக்கிறீர்களா? சாவகச்சேரியில் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரின் வாசலில் நம்பர் கூப்பிடுகிற எனக்கு அதுவும் வேலை. அவர் உள்ளே "மாட்டன்" என்பார். ஏச்சு வெளியே எனக்கு விழும். வாசலில் நின்று "இல்லை" சொல்லிப் பிழைக்கிற உங்களுக்கு இது விளங்கும்.

அந்தக் கிழமை எனக்கும் அவரிடம் ஒன்று கேட்க இருந்தது. என் மனுசனின் தோளில் கூரைத் தகரம் வெட்டின நீளத் தழும்பு. வெளிநாட்டு வேலைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. போகிற வழியில் வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மேற்சட்டையைக் கழற்றிப் பார்க்கிறான். தழும்பைக் கண்டால் சண்டையில் காயப்பட்ட இயக்கக்காரன் என்று பிடித்து வைக்கிறான். அதை வெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்போம் என்று திங்கட்கிழமையே துணிந்து விட்டேன்.

அம்மாவுக்குப் பிடிக்காத மூக்கு

அன்றைக்கே ஒரு தாய் மகளைக் கூட்டி வந்தா. கனடா மாப்பிள்ளைக்குப் படம் அனுப்ப வேணும், மூக்கை ஒடுக்கித் தாங்கோ என்றா. டொக்டர் தாயை வெளியே இருத்திவிட்டு மகளைத் தனியே கேட்டார். "எனக்கொரு குறையும் இல்லை, அம்மாவுக்குத்தான்" என்றாள் பிள்ளை. ஆசை ஒராளுக்கு, வெட்டு இன்னொராளுக்கோ என்று டொக்டர் மறுத்துவிட்டார்.

தாய் என்னைத்தான் பிடித்தா. "மூக்கு அவளின்ரைதான், பெத்தது நானெல்லோ!"

நான் சிரித்தேன். ஆனால் அன்று கேட்க வாய் வரவில்லை.

காணாத வடு

புதன்கிழமை ஒரு வாத்தியார். கன்னத்தில் கொப்பளிப்பான் அம்மை வந்த வடுவாம், ஊரே அதைத்தான் பார்க்குதாம். ரோர்ச் லைற்றும் கொண்டு வந்து அடித்துக் காட்டினார். நான் பார்த்தேன், டொக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெட்டினால் பிறகு உங்களுக்கு இன்னொரு வடு தெரியும், இது தோலில் இல்லை என்று டொக்டர் மெதுவாய்ச் சொல்லி, மனநோய் பார்க்கிற டொக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

வாத்தியார் போகும்போது என்னிடம் சொன்னார்: "நீங்கள் ரெண்டு பேரும் மரியாதைக்குச் சொல்லுறியள், தங்கச்சி."

அலுமாரிக்குள் இரண்டு

வெள்ளிக்கிழமை ஒரு கலியாணப் பெண், நாடியில் உள்ள மச்சத்தை எடுக்க வந்தாள். டொக்டர் அலுமாரியைத் திறந்து காட்டினார். வெட்ட முன்னம் ஊசியில் ஏற்றுகிற விறைப்பு மருந்து இரண்டே போத்தல். கொழும்பிலிருந்து இனி எப்போது வருமோ தெரியாது. ஷெல் விழுந்தால் வருகிற காயக்காரருக்கு அதுதான்.

அவள் அலுமாரிக் கதவைத் தானே சாத்தினாள். "அப்ப வைச்சிருங்கோ, டொக்டர். எங்கடை வீடும் ஷெல் விழுகிற ரோட்டுக்கரைதான்."

அந்த இரண்டில் ஒன்றைத்தானே நானும் கேட்க இருந்தேன்.

என்ரை நம்பர்

மனுசனுக்கு ஞாயிறு பயணம். சனிக்கிழமை ஆட்கள் எல்லாம் போனபின் நானே உள்ளே போய் நின்றேன். டொக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மருந்து இருந்தாலும் வெட்ட மாட்டன், பிள்ளை. புதுத்தையல் சிவந்து நிக்கும். பழந்தழும்பைக் கண்டு ஒரு கேள்வி கேக்கிறவன், புதுசைக் கண்டால் பத்துக் கேப்பான்."

ஒரு கிழமையாய் மற்றவர்களுக்கு நான் சொன்ன "இல்லை" எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் விளங்கிற்று.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடுதாசி எடுத்தார். தகரம் வெட்டின பழைய தழும்பு என்று இங்கிலீசில் நாலு வரி எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். வாங்கினேன். வவுனியாவில் துவக்கோடு நிற்கிற ஆமிக்காரனை நினைத்துப் பார்த்தேன். கடுதாசியை அவர் மேசையிலேயே திரும்ப வைத்தேன்.

"ஐயா, இதுக்குக் கீழை சிங்களத்திலையும் ஒரு வரி எழுதி விடுங்கோ."