அண்ணி வாய் திறக்காத நாள்

"இவ இல்லாம இந்த வீடு ஒரு நாள் ஓடாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்பதற்கு என்னவோ பாராட்டு மாதிரிதான் இருக்கும். அதையே சொல்லிச் சொல்லி மூன்று வருடம் ஒரு மனுஷியை நொண்ட வைத்தோம். நானும்தான் சொன்னேன். அதனால் இதை ஒரு யோக்கியன் மாதிரி உட்கார்ந்து சொல்லப்போவதில்லை.

மனுஷி என் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பர்ஸ் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தவள். பக்கத்து வீட்டுக்கே அரை மைல் நடக்க வேண்டிய எங்கள் பண்ணை வீட்டுக்கு அவள் வந்தபோது, இங்கே ஆண்கள் மூன்று பேர் இருந்தோம். அப்பா, அண்ணன், நான். அம்மா போய் நாலு வருடம் ஆகியிருந்தது. சமையலறையின் ஒரு பாதியில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. மறு பாதியில் நாங்கள் சமைத்தோம். சமைத்தோம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே கோபம் வரும்.

வந்த முதல் வாரம் அண்ணி அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஜன்னலே இல்லை.

"சமைக்கிறவளுக்கு முதுகுல கண்ணு இருக்கும்னு நினைச்சுக் கட்டினீங்களா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"அறுவடை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான் அண்ணன். எதைக் கேட்டாலும் அவனுக்கு அறுவடை முடிய வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலையில் டமால் டமால் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணி கடப்பாரையோடு நிற்கிறாள். சுவரில் நாலு செங்கல் அளவுக்கு வெளிச்சம். "மீதியைக் கொத்தனார் வந்து நேர் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடாமல் என்ன செய்வது?

அன்றிலிருந்து அந்த ஜன்னல்தான் அவளுடைய மைக். அடுப்படியில் நின்றபடியே கொட்டகை, கோழிக்கூண்டு, மோட்டார் அறை, வாசல் கேட் நாலையும் பார்ப்பாள். "தம்பி, மோட்டார் சத்தம் மாறுது, போய்ப் பாரு." "மாமா, வெயில் ஏறுது, தொப்பி எங்கே?" "என்னங்க, வாசல் கேட்டை யார் திறந்து போட்டது?" அப்பா அவளுக்கு மைக் என்றே பேர் வைத்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதவி உயர்வு கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் இந்த இடத்தை என்னவாக ஆக்கினாள் என்று சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு மாடு நாலு மாடு ஆனது. கிணற்றடிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த நிலத்தில் வருடம் முழுக்கக் காய் வந்தது. ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்த்தாள். எனக்கும் பெண் பார்த்தாள். ஒன்றும் படியவில்லை. ஏன் படியவில்லை என்று அவளிடம் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. கேட்டால் ஒப்பிப்பாள். நான் கேட்பதில்லை.

இதிலே நாங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஆண்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்வதே இல்லை. எல்லாவற்றையும் அண்ணியைத்தான் கேட்போம். அண்ணன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பான். நான் அவனைத் தாண்டிப் போய், "அண்ணி, அண்ணன் தண்ணி பாய்ச்சிட்டானா?" என்று கேட்பேன். அவள் உள்ளே இருந்து, "என்னங்க, தண்ணி பாய்ச்சியாச்சா?" என்பாள். அவன் "ஆச்சு" என்பான். அவள் என்னிடம் "ஆச்சாம்" என்பாள். இதில் எங்களுக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் பரணில் இருந்து இறங்கும்போது ஏணி சறுக்கி அண்ணி விழுந்தாள். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். அந்த வருடம் அறுவடை. அடுத்த வருடம் இரண்டு மாடு ஒரே சமயத்தில் சினை. அதற்கடுத்து, பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கும் அலைச்சல். ஒவ்வொரு தடவையும் நாங்கள் கவலையோடு முகத்தை வைத்துக்கொண்டு, "நீ இல்லாம எப்படி?" என்போம். அவள் காலுக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். போன மாதம் டாக்டர் கொஞ்சம் உரக்கவே சொன்னார். இன்னும் தள்ளிப்போட்டால் அந்தக் கால் மடங்கவே மடங்காது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாயைத் திறந்தான். "அறுவடை..."

"சரி, ஒரு நாள் பாத்துடலாம்" என்றாள் அண்ணி. "ஞாயித்துக்கிழமை காலைலேர்ந்து நான் முற்றத்துல நாற்காலி போட்டு உட்கார்றேன். ஒரு வேலை தொட மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாயங்காலம் பால் வண்டி போற வரைக்கும் நீங்க மூணு பேரும் வீட்டை ஓட்டுங்க."

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டான். "நீ வாயைத் திறந்துட்டா அறுவடைக்கு அப்புறம்தான் ஆபரேஷன். சம்மதமா?"

அண்ணி அதற்குப் பதில் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணி தலை வாரி, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் அத்தனை நாள் அறிவிப்பு செய்தவள், முதல் தடவையாகப் பயணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் டீ போட்டான். தீப்பெட்டியைத் தேடுவதற்கே கால் மணி நேரம் ஆனது. அது அடுப்புக்கு மேலே, கண்ணுக்கு நேரே இருந்தது. டீ கெட்டியாக, கசப்பாக வந்தது. அப்பா முட்டை எடுக்கப் போனார். கூடையை எடுத்துப் போக மறந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே குனிந்து செருப்பை மாட்டினார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பீன்ஸ் பறிக்கப் போனேன். தொட்டி நிரம்பி வழிந்து கொல்லைப்புறமே குளமானது. அண்ணி எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா பைக்குள் கையை விட்டு எடுத்தபோது மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மத்தியானத்துக்குள் நாங்கள் ஒரு நிலைக்கு வந்துவிட்டோம். உருளைக்கிழங்கு ஒரு பக்கம் தீய்ந்திருந்தது, மறு பக்கம் நன்றாகவே இருந்தது. துணி துவைத்துக் காயப்போட்டேன். அப்பா முற்றத்தைக் கூட்டினார். தட்டில் சாப்பாடு போட்டு அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் மிதப்புதான். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். எழுந்து கழுவவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் மனசுக்கு ஏனோ கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் தட்டை விட்டதை நான் பார்த்ததே இல்லை.

நாலரை மணிக்குப் பால் கறந்தோம். கடைசி ஈற்றில் பிறந்த கன்றுக்குட்டிக்குப் பத்து நாள்தான் வயது. தாய்க்கு மடி வீங்கியிருந்ததால் அதற்கு வாளியில்தான் பால். காலையில் இரண்டு லிட்டர், சாயங்காலம் இரண்டு லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்பது அண்ணியின் கணக்கு. காலையில் அண்ணன் கொடுத்தான். சாயங்காலம் யார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

முதலில் அப்பா, அண்ணி பார்க்கும்படியாகவே, கொட்டகையின் முன்வாசல் வழியாக ஒரு வாளியோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் கறவைப் பக்கத்திலிருந்து பின்வழியாகக் கன்றிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அது கத்தியது பாருங்கள், பிறந்ததிலிருந்து பாலையே கண்ணால் பார்க்காத மாதிரி. பச்சைப் பொய். நான் நம்பினேன். அளவும் தெரியாமல் வாளி நிறையக் கொடுத்தேன். அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் கையை நக்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பால் வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அண்ணன் கையில் வாளியோடு முற்றத்தைக் கடந்தான்.

"நில்லுங்க!"

பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கிற குரல் அது. அண்ணன் அப்படியே நின்றான்.

"அதுக்கு மாமா கொடுத்தாச்சு!"

நான் கொட்டகைக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். "நானும் கொடுத்தேனே, அண்ணி."

அண்ணி எழுந்தாள். முக்காலி உருண்டது. அந்தக் காலோடு அவள் எப்படி அவ்வளவு வேகமாக வந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கன்றின் வயிறு இடப்பக்கம் புடைத்திருந்தது. விரலால் தட்டினாள். காலிப் பானை மாதிரி சத்தம் வந்தது.

"தம்பி, மாட்டு டாக்டருக்குப் போன் போடு. மாமா, கயித்தைப் பிடிங்க. அது படுக்கக் கூடாது, நடத்திட்டே இருங்க. என்னங்க, அந்த வாளியைக் கீழ வைங்க முதல்ல!"

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்து குழாய் விட்டார். காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கன்று போயிருக்கும் என்றார். எங்கள் மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். அசடு வழிய நின்றோம். அந்த நேரத்தில்தான் பால் வண்டி வந்து, ஹாரன் அடித்து, பாலை ஏற்றிக்கொண்டு போனது.

அண்ணி திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றான். அவன் முகத்தில் கவலை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. ஏனென்றால் அதே நிம்மதி எனக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, நீ இல்லாம ஓடாது" என்றான். "வண்டி போறதுக்கு முன்னாடியே பேசிட்டே. அறுவடை முடியட்டும்."

அண்ணி இடுப்பில் செருகியிருந்த சின்னப் பர்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில சேரணும். பத்து நாள் அங்கேயே இருக்கணும். போன வாரமே நாள் வாங்கிட்டேன்."

அண்ணன் சீட்டை இரண்டு தடவை படித்தான். "அப்ப இன்னைக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

"நான் இல்லாதப்ப என்ன நடக்கும்னு பாக்கத்தான். போகலாமா வேண்டாமான்னு உங்களை நான் எப்ப கேட்டேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "பாத்துட்டேன். சமையல் பரவாயில்ல. கோழி பரவாயில்ல. மாமா பெருக்கினது ரொம்ப நல்லா இருக்கு. நீங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்க மாட்டேங்கறீங்க, அது ஒண்ணுதான் கோளாறு. வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. பேசப் பழகுங்க."

அப்பா முதலில் சிரித்தார். "மைக்கை நம்மகிட்ட கொடுத்துட்டுப் போறா" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தான். மடித்தான். பிரித்தான்.

"ஆஸ்பத்திரில உன்கூட யார் இருக்கப்போறா?"

"யாருமில்ல" என்றாள் அண்ணி, பீன்ஸ் இல்லை என்று சொல்கிற மாதிரி. "பொண்ணுக்குப் பரீட்சை. நீங்க மூணு பேரும் இங்க வேணும். நர்ஸ் பாத்துப்பாங்க, கேட்டுட்டேன்."

எங்களுக்கு மாடு, கோழி, மோட்டார், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிட்டாள். தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அண்ணியைக் கேட்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்தேன். "நீ போ. இங்க நானும் அப்பாவும் பாத்துக்கறோம்."

"கன்னுக்குட்டி?"

"அது என் பொறுப்பு. நான் மட்டும்தான் கொடுப்பேன்."

"அறுவடை?"

"ஆள் வெச்சுக்கலாம். போ."

எங்களுக்குள் இவ்வளவு நீளமான பேச்சு நடந்து எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியவில்லை. அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அந்த வீங்கிய முழங்கால் மேல் கையை வைத்தான்.

"நான் வர்றேன். பத்து நாளும் இருக்கேன்" என்றான்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். "வர்றதுன்னா வாங்க" என்றாள். "ஆனா உங்க துணியை நீங்களே எடுத்து வைங்க. உங்க பெட்டியை நான் கட்ட மாட்டேன்."

அண்ணன் எழுந்து உள்ளே போனான். பெட்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் அறை அறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.