ஸ்பீக்கர் வயர்

பக்கத்துவீட்டு மைக்செட்காரர், சுவிட்ச் போடுமுன் ஸ்பீக்கர் வயரை இருமுறை இழுத்துப் பார்ப்பார். ஸ்பீக்கர் மாட்டாமல் பாடவிட்டால் வால்வு ஆம்பிளிபயர் செட்டின் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். மின் ஆய்வாளராக ஓய்வுபெற்ற எனக்கே பாடம் எடுப்பார்: "சட்டம் படிச்சாப் போதுமா அண்ணாச்சி? வயர இழுத்துப் பாருங்க!"

தன் மனைவியின் ஆபரேஷனுக்காக, மாதக்கணக்கில் பழுதுபார்த்த பழைய வால்வு செட்டை விற்கத் துணிந்தார். வாங்க வந்தவர், "பாடுமா?" என்று கேட்ட நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மைக்செட்காரர் பேசிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். சத்தம் வரவில்லை. வால்யூமை இன்னும் திருகினார். புகைதான் வந்தது. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வயரு மாட்டலியே வே?" என்றேன்.

"அவ நினைப்புலயே இருந்துட்டேன், அண்ணாச்சி."

பிறகு வயரை மாட்டி, இருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இப்பப் போடலாமா, அண்ணாச்சி?"

எல்லா விதிகளும் அறிந்த நான், கருகிப்போன செட்டின் பிளக்கைப் பிடுங்கினேன்.