கடைசித் துண்டில் இருந்த மெட்டு

படம் முழுசாக முடியும் முன்னால் தியேட்டர்க்காரன் விளக்கைப் போட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நான் எழுந்து சத்தம் போடும்போது பிள்ளைகள் நீங்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ஹார்பர் வேலை போக, மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசித்தேன். புதுப்படம் வந்தால் தியேட்டர்க்காரர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். நோட்டீஸ் வண்டிக்கு முன்னால் அந்தப் படத்து மெட்டை ஊதிக்கொண்டே தெருத்தெருவாகப் போக வேண்டும். மெட்டைப் பிடித்துக்கொள்ள முதல் காட்சி எங்களுக்குச் சும்மா.

அப்படி ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. ராக்கெட்டில் போனவன் நட்சத்திரங்களுக்கு நடுவே தொலைந்துபோகிறான். வசனம் விளங்கவில்லை. ஆனால் ஒரு மெட்டு அவன் கூடவே வந்தது. புறப்படும்போது நாலே சுரம். தனியாகத் தவிக்கும்போது அதே நாலு சுரம், மெதுவாக, ஒற்றைக் குழலில். செத்துவிட்டான் என்று எல்லாரும் அழும்போது அடியில் லேசாகக் கேட்டது. ஆள் உயிரோடிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பூமியில் இறங்கிக் கதவு திறந்த பிறகுதான் மெட்டு முழுசாக வந்தது.

அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. மணப்பாட்டிலிருந்து வந்த உங்கள் அம்மா தியேட்டருக்குள் கால் வைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கூட்டிப்போனேன். பேச்சு புரியாவிட்டால் போகிறது, மெட்டைக் கேள், கடைசியில் முழுசாக வரும் என்று சொல்லியிருந்தேன். அது வரும்போதெல்லாம் என் கையில் விரலால் தட்டினாள்.

ராக்கெட் தரையைத் தொட்டது. விளக்கு எரிந்தது.

"நீங்க சொன்னது வரலியே" என்றாள்.

ஒரே நாளில் கூடுதலாக ஒரு காட்சி ஓட்டப் படத்தின் கடைசித் துண்டை வெட்டியிருந்தார்கள். வெளியே அதற்கான கூட்டம் நெரிந்தது. நான் ஊதிச் சேர்த்த கூட்டம். மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"கதை முடிஞ்சிட்டுல்லா? இனி வெறும் மியூசிக்தான். அதுக்கு எவன் உக்காருவான்?"

"அண்ணாச்சி, அந்த மெட்ட வச்சுத்தானே ஊரக் கூட்டியிருக்கீய?"

"ஏலே, ஊதுறது ஒஞ்சோலி. ஓட்டுறது எஞ்சோலி."

எங்கள் பேண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்த மெட்டைப் பாதியில் விடக்கூடாது. சவ ஊர்வலத்தில் மழை கொட்டினாலும் முடித்துவிட்டுத்தான் குழலை இறக்குவோம். மறுநாள் நான் அதை மீறினேன். தெரு முக்குக்கு முக்கு மெட்டை எடுத்து, முடிகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். கூட வாசித்தவர்கள் முறைத்தார்கள். டீக்கடைக்காரர், ஏலே, மூச்சு போயிட்டா, மீதி எங்க என்று கிண்டல் செய்தார்.

"மீதிய தியேட்டர்ல வெட்டிட்டாவ அண்ணாச்சி. அங்கன போய்க் கேளுங்க."

கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மேனேஜரே வண்டியை மறித்து, முழுசா ஊது, முழுசா ஓட்டுதேன் என்றார்.

மறுபடி அம்மாவைக் கூட்டிப்போனேன். ஓட்டினார். ஆனால் கதவு திறந்ததுமே விளக்கைப் போட்டுவிட்டார். சனம் எழுந்தது, நாற்காலிகள் படபடவென்று மடங்கின, அந்த இரைச்சலுக்கு அடியில் மெட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு எழுந்து நின்று சத்தம் போட்டது நான் இல்லை, உங்கள் அம்மா.

"இன்னும் முடியலய்யா. உக்காருங்க."