பாலத்தடிப் பட்டியல்

“நாப்பத்தி ஒண்ணு! யாரு நாப்பத்தி ஒண்ணு? மூணு தடவைதான் கூப்பிடுவேன், நாலாவது தடவை என் வாய்க்கு வலிக்கும்!”

மூன்றாவது அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் நோன்னா அர்காதியெவ்னா பென்சில் முனையை நாக்கில் தொட்டு, அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுப்பார். அழுத்தமான, நேரான கோடு. தேநீர் குடிக்கப் போனேன், காலணிக் கயிறு கட்டினேன் என்று பிறகு ஓடிவந்து யார் கெஞ்சினாலும் கோடு கோடுதான். போய்க் கடைசியில் நிற்க வேண்டும்.

அறுபத்து நான்கு வயது. காதுமடல் வைத்த ஆண்பிள்ளைத் தொப்பி, பின்னால் எலாஸ்டிக் கட்டிய கண்ணாடி. பென்சில் பிடிக்க வசதியாக வலது கையுறையில் இரண்டு விரல்களை வெட்டி விட்டிருக்கிறார். ரஷ்ய எல்லை ஊரான இந்த இவான்கொரோத்தின் பேருந்து நிலையத்தில், எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்குப் போகும் வண்டிகளை இருபத்திரண்டு வருடம் ஒலிபெருக்கியில் கூவி அழைத்தவர். பாலத்தில் வண்டி போகக் கூடாது என்று ஆனபோது பேருந்து போயிற்று, ஒலிபெருக்கி போயிற்று. குரல் மட்டும் மிஞ்சியது. ஆற்றைக் கடந்து எஸ்தோனியாவின் நார்வாவுக்குப் போக, இனி எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றானதும், ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு வந்துவிட்டார்.

யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் கிடையாது. மாலை ஆறு மணிக்குப் பெயர் எழுதுவார், உள்ளங்கையில் பேனாவால் எண் போட்டுவிடுவார். காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு. எட்டு மணிக்கு இரும்புக் கதவு திறக்கும். எல்லைக் காவலர்களே அவர் நோட்டைப் பார்த்துத்தான் ஆள் விடுகிறார்கள். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் அப்பா. நோன்னாவின் நோட்டில் நான் வெறும் எழுபத்தி மூன்று.

வரிசையில் அரசியல் பேசினால் பத்து எண் பின்னால் போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் உலக அரசியலை அவர் அளவுக்குக் கூர்ந்து கவனிப்பவரை நான் கண்டதில்லை.

“நான் டிவியெல்லாம் பாக்கறதில்ல கண்ணு. பெஞ்சைப் பாக்கறேன். மாஸ்கோவுலயும் வாஷிங்டன்லயும் பெரிய ஆளுங்க ஃபோன்ல சிரிச்சுப் பேசுனா, அடுத்த வாரம் இங்க உக்காரப் பெஞ்சு வரும். மொறைச்சுக்கிட்டாங்களா, தூக்கிட்டுப் போயிருவாங்க.”

நோட்டின் ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். ‘இவங்க பத்துத் தூதரக ஆட்களை வெளியேத்துனாங்க, அவங்களும் பத்து. விசாவுக்கு ரெண்டு மாசம் இப்ப அஞ்சு மாசம்.’ ‘ராத்திரிக் கதவு மூடல்.’ ‘பெட்டி ஒவ்வொண்ணாத் திறக்கறாங்க. மணிக்கு இருபத்தஞ்சு பேர்தான்.’ வெளியுறவுக் கொள்கை என்று நாங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் இரண்டு விரல் அகல ஓரத்தில் எழுதி முடித்துவிட்டார்.

இத்தனை பேரை அக்கரைக்கு அனுப்பியவர், இரண்டு வருடமாக அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. மகள் லாதா நார்வாவில் செவிலியர். நோன்னாவின் விசா மனு மூன்று முறை திரும்பி வந்தது.

இந்தப் பிப்ரவரியில் காற்று திரும்பியது. எங்கோ ஒரு மூன்றாம் நாட்டு ஓட்டலில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுகின்றன என்று செய்தி வந்தது. பாலத்தடியில் பச்சை வண்ணம் காயாத இரண்டு பெஞ்சுகள் வந்து இறங்கின. அதே வாரம் நோன்னாவுக்கு விசா வந்தது. மூன்றே நாள் விசாதான். ஆனால் அந்த மூன்றில் வெள்ளிக்கிழமை இருந்தது, வெள்ளிக்கிழமை நண்பகலில் லாதாவின் கல்யாணப் பதிவு இருந்தது.

கல்யாணக் கதை ஊருக்கே கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. நீல உடை தைத்தாயிற்று, எட்டு அடுக்குத் தேன் கேக் தயார். மாப்பிள்ளை எஸ்தோனியக்காரர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகமாம். “அதுக்கென்ன, அவருக்கும் சேத்து நான் பேசிட்டுப் போறேன்” என்றார் நோன்னா.

வியாழன் மாலை அந்த மகிழ்ச்சியிலேயே நூற்று முப்பத்தெட்டுப் பெயர்களை எழுதினார். பேச்சுவார்த்தைச் செய்தி கேட்டு வரிசை வீங்கியிருந்தது. பேருந்து திரும்ப ஓடப்போகிறதாம் என்று முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டிக்கொண்டார்கள். வெள்ளி காலை ஆறு மணி அழைப்பு நூற்று முப்பத்தெட்டில் முடிந்ததும், ஒன்பதாம் எண்ணில் நின்ற ரோதியோன் கை தூக்கினார்.

ரோதியோன் வெல்டிங் வேலைக்காரர். வீங்கிய கன்னத்தைக் கம்பளித் துண்டால் தலையோடு கட்டியிருந்தார். போன வாரம் முட்டைக்கோஸ் பணியாரம் வாங்கப் போன இரண்டு நிமிடத்தில் நோன்னா அவர் பெயரை அடித்துவிட்டார். நார்வாவில் அவருடைய பல் மருத்துவர் காத்திருந்து போய்விட்டார். அன்றிலிருந்து நோன்னாவோடு பேச்சில்லை.

“எல்லாரையும் கூப்பிட்டீங்க” என்றார் ரோதியோன். “உங்க நம்பர் என்ன?”

நோன்னா சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது பக்கம். மறுபடி முதல் பக்கம். சிரிப்பு மெல்ல வடிந்தது. இரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பெயர் எழுதிய கை, கடந்து போகாதவளின் பெயரை எழுதிப் பழகியதே இல்லை. தன்னை எழுத மறந்துவிட்டார்.

கணக்கு எல்லோருக்கும் தெரியும். மணிக்கு இருபத்தைந்து பேர். கடைசி எண் கதவைத் தாண்டும்போது பிற்பகல் ஒன்றரை ஆகிவிடும். நார்வாவின் நண்பகல் நமக்கு ஒரு மணி.

வரிசை ஒரே கூச்சலாயிற்று. முதல் ஆளாகப் போகட்டும் என்றது ஒரு கூட்டம். நாற்பதாம் எண்ணில் இரண்டு குழந்தைகளோடு நின்ற பெண், இடையில் ஒருவரைச் செருகினால் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஓரிடம் தள்ளிப்போக வேண்டுமே, அது மட்டும் நியாயமா என்றாள். அவள் கேட்டதிலும் தவறில்லை.

நோன்னா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். “நிறுத்துங்க. பணியாரத்துக்குப் போனவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” நூற்று முப்பத்தொன்பது என்று போட்டு, தன் பெயரை எழுதினார். எழுத்து நேராகத்தான் இருந்தது. தேன் கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியை நோக்கி நடந்தார்.

“செருகக் கூடாது, சரி. ரெண்டு பேரு எடம் மாத்திக்கலாமா கூடாதா?” ரோதியோன் விடவில்லை.

“ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்திக்கலாம். அதுக்கென்ன இப்ப?”

“என் பல்லு எங்கயும் ஓடிப் போகாது. டாக்டரு நாலு மணி வரைக்கும் இருப்பாரு. ஒன்பதை நீங்க எடுத்துக்குங்க. ஆனா நோட்டு என்கிட்ட வரணும். இன்னைக்கு நான்தான் கூப்பிடுவேன், நான்தான் அடிப்பேன்.”

“கன்னம் வீங்குனா மூளையும் வீங்குமாடா?”

“சம்மதமா இல்லையா, அத்தை? மூணு தடவைதான் கேப்பேன்.”

வரிசை முழுக்கச் சிரிப்பு அலை ஓடியது. நோன்னா அவரைக் கட்டிக்கொண்டார். கன்னம் பட்டு ரோதியோன் அலறினார். நோட்டை வாங்க அவர் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

எட்டே காலுக்கு ஒன்பதாம் எண் கதவுக்குள் போனது. ஒன்பதரை மணிக்குச் சோதனையெல்லாம் முடிந்து நோன்னா பாலத்தில் ஏறியதை வேலிக் கம்பிகள் வழியாக எல்லோரும் பார்த்தோம். கனத்த மேலங்கிக்குக் கீழே நீல உடை ஒரு சாண் தெரிந்தது. சரியாக அப்போதுதான் ரோதியோன் பச்சைப் பெஞ்சின் மேல் ஏறி, மிச்சமிருந்தவர்களுக்குத் தன் முதல் அழைப்பைத் தொடங்கினார். முப்பத்தெட்டில் தொடங்கி ஐம்பது வரை ஒழுங்காக வந்தார். ஐம்பத்தொன்றைக் கூப்பிட்டார். அடுத்து நேராக ஐம்பத்து மூன்றுக்குத் தாவினார். ஐம்பத்திரண்டாம் எண் கிழவர் கம்பை ஓங்கிக்கொண்டு கத்த, வரிசை கொந்தளித்தது. எட்டாம் வகுப்பு மாணவர்கள்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டார்கள்.

பாலத்தில் நோன்னா நின்றுவிட்டார். தோள் எங்கள் பக்கம் பாதி திரும்பியது. அந்தத் தொண்டையில் “அம்பத்தி ரெண்டு” கிளம்பி வந்துவிட்டது என்றே நினைத்தோம்.

அவர் தேன் கேக் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றினார். தொப்பியின் காதுமடல்கள் இரண்டையும் கீழே இறக்கி, தாடைக்கடியில் இறுக்கிக் கட்டினார். பிறகு நார்வாவைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.